கேட்குமுன்பே சொன்ன சரி

சோங்கிரான் புத்தாண்டுத் தண்ணீர் விளையாட்டெல்லாம் ஓய்ந்துவிட்டது, சான்ஹோம் ஊருக்கு வந்து நான்காம் நாள். இன்னும் ஒன்றரை நாள் தாண்டிவிட்டால் போதும், அடுத்த சித்திரை வரைக்கும் கவலையில்லை என்று பைவான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நாளைச் சாயங்காலம் ஐந்தரை மணி பஸ்ஸில் சான்ஹோம் பாங்காக்குக்குப் போய்விடுவாள். போகிறவள் தனியாகப் போக வேண்டும். பைவானுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒன்பது வருஷமாக இதே பயம். வருஷா வருஷம் சோங்கிரானுக்குச் சான்ஹோம் ஊருக்கு வருவாள், ஐந்து நாள் இருப்பாள். அந்த ஐந்து நாளும் பைவானுக்குச் சோறு இறங்காது. ஃபாயைப் பெற்றவள் சான்ஹோம். எட்டு மாதக் குழந்தையாக வாங்கி, மூன்றாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் வளர்த்தவள் பைவான். குழந்தைக்கு இது ஒன்றும் ரகசியமில்லை. பைவானை அம்மா என்பாள், சான்ஹோமைப் பாங்காக் அம்மா என்பாள். அவர்கள் ஊர் இருக்கிற சோங்கிராம் ஆற்றங்கரையில் இதில் அதிசயப்பட எதுவுமில்லை. பாதி வீட்டில் பெற்றவள் ஃபாக்டரியில் இருக்கிறாள், பிள்ளை யார் வீட்டிலோ தின்று வளர்கிறது. ஆனால் வளர்க்கிறவள் சியாவாக, நூல் கட்டிக்கொண்ட உயிர்த்தோழியாக, இருந்துவிட்டால் சங்கதி வேறு.

பதினொரு வயதில் பைவானையும் சான்ஹோமையும் ஒரே பாயில் உட்காரவைத்து, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி, அவித்த முட்டை ஒன்றை இரண்டாகப் பிளந்து ஆளுக்கு ஆள் ஊட்டவைத்துச் சியாவ் ஆக்கினார்கள். ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள், ஒரே உயரம், இரண்டு பேருக்குமே வாய் நீளம். வேறென்ன பொருத்தம் வேண்டும்? அன்றிலிருந்து இவள் அப்பன் அவளுக்கும் அப்பன், அவள் வீட்டு அடுப்பு இவளுக்கும் அடுப்பு. கூடப்பிறந்தவளோடு பேச்சை முறித்துக்கொள்ளலாம், புருஷனை விட்டுவிட்டு வரலாம், சியாவை மட்டும் விட முடியாது. அந்தப் பக்கத்தில் இன்னொரு முறையும் உண்டு. சியாவ் வந்து “ஒண்ணு கேக்கணும்” என்றால் என்ன, ஏது என்று விசாரிக்கக் கூடாது. முதலில் சரி சொல்லிவிட வேண்டும், அப்புறம்தான் அவள் விஷயத்தைச் சொல்வாள். சொன்ன சரியைத் திருப்பி வாங்கவும் முடியாது. இந்த முறையைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவனுக்குப் பிள்ளை இருந்திருக்காது.

படகில் போய்வரலாம் என்றது சான்ஹோம்தான். சின்ன வயதில் பள்ளி விடுமுறை விட்டால் இரண்டு பேரும் ஆற்றோடு சாய்புரி வரைக்கும் போவார்கள், சோங்கிராம் ஆறு மேகோங்கில் போய் விழுகிற இடம் வரைக்கும். அதே மாதிரி ஒரு நாள், நாம் ரெண்டு பேர் மட்டும், என்று கெஞ்சினாள். குழந்தையும் வரட்டுமே, அதற்கும் லீவுதானே என்று பைவான் சொன்னதற்கு, ஃபாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தனக்கு வயிற்றுவலி என்றாள். வயிற்றுவலிக்காரிக்கு இப்படியா சிரிப்புப் பொத்துக்கொண்டு வரும்? இரண்டு நாளாகவே அது ஒரு தினுசாகத்தான் இருந்தது. பேசிக்கொண்டே இருக்கும், சட்டென்று வாயைக் கையால் மூடிக்கொண்டு ஓடிவிடும். புது ஃபிராக் வந்த குஷி என்று பைவான் விட்டுவிட்டாள். பக்கத்து வீட்டில் இரண்டு வாய் சோறு போடச் சொல்லிவிட்டுப் படித்துறைக்கு இறங்கினாள்.

படகுக்காரர் புன் இவர்களை அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து தெரிந்தவர். சான்ஹோம் வெள்ளைச் செருப்பும் குடையுமாக வந்து நின்றதைப் பார்த்ததும், மாவட்ட அதிகாரி மனைவி வருவதாகத் தனக்கு யாரும் சொல்லவில்லையே என்றார். பைவான் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, கை குடுத்துத் தூக்கி உக்கார வைங்க. பாங்காக்ல கரையெல்லாம் தானா நகருமாம், இவங்களுக்குக் கால் வழக்கம் விட்டுப்போச்சு.”

“நீ மொதல்ல ஏறுடி. நீ ஏறினப்புறம் படகு மிதக்குதான்னு பாத்துட்டு நான் ஏறறேன்,” என்றாள் சான்ஹோம்.

கோடையில் ஆறு இளைத்துக் கிடந்தது. இரண்டு பக்கமும் மணல் திட்டு, அதற்கு மேலே மழைக்காலத்து வெள்ளம் எட்டிய கோடு மரங்களில் தெரிந்தது. எருமைகள் மூக்கு மட்டும் தெரிய மூழ்கிக் கிடந்தன. புன் எந்திரத்தை மெதுவாக விட்டார். சான்ஹோம் ஒவ்வொரு வளைவிலும் கையை நீட்டி, இங்கேதான் நீ தொபுக்கென்று விழுந்தாய், இங்கேதான் வாத்தியாருடைய கைலி ஆற்றோடு போனது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பைவான் வயிறு வலிக்கச் சிரித்தாள். நாலு நாளில் முதல் தடவையாக அவளுக்கு மனசு லேசாக இருந்தது. எல்லாம் முடிந்தது, இந்த வருஷமும் கேட்கவில்லை, இனிமேல் கேட்கவும் மாட்டாள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

சாய்புரிக்குச் சற்று முன்னால் ஒரு பெரிய மணல் திட்டில் இறக்கிவிட்டு, புன் தூண்டில் போடப் போய்விட்டார். எட்டத்தில் மேகோங் அகலமாக வெளுத்துத் தெரிந்தது, அதற்கப்பால் லாவோஸ் மலைகள். இருவரும் கைலியை மார்புக்கு மேலே கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் குளித்தார்கள். எழுந்து கைலியை மாற்றும்போதுதான் சான்ஹோமின் அடிவயிற்றில் குறுக்கே ஒரு நீளத் தழும்பு இருந்ததைப் பைவான் பார்த்தாள். இன்னும் சிவப்பு ஆறவில்லை.

ஜனவரியில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்களாம், கட்டியாம். சான்ஹோம் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே, பல்லைப் பிடுங்கிய மாதிரிச் சொன்னாள். பைவானுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் யார் இருந்தார்கள், கஞ்சி யார் கொடுத்தார்கள், ஒரு ஃபோன் போட்டிருந்தால் அடுத்த பஸ்ஸில் வந்திருக்க மாட்டேனா, நான் என்ன சியாவா, இல்லை ரோட்டில் போகிறவளா என்று திட்டித் தீர்த்தாள். நீ வந்துவிட்டால் ஃபாயை யார் பார்த்துக்கொள்வது என்றாள் சான்ஹோம்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு, உப்புத் தடவிச் சுட்ட மீன், முசுறு எறும்பு முட்டை போட்ட கீரைக் கலவை. மாமரத்துக் கூட்டைக் கலைத்துக் கடி வாங்கி எடுத்த முசுறு முட்டை. சான்ஹோமுக்குப் பிடிக்கும் என்று விடியற்காலையிலேயே பைவான் ஏறியிருந்தாள். சான்ஹோம் சோற்றை உருட்டினாள், தொட்டுக்கொண்டாள், வாய்க்குக் கொண்டுபோகாமல் இலையிலேயே வைத்தாள்.

“சியாவ், ஒண்ணு கேக்கணும்.”

“சரி,” என்றாள் பைவான், வாயில் மீனோடு.

இதில் யோசிக்க என்ன இருந்தது? வருஷா வருஷம் கிளம்புவதற்கு முன்னால் சான்ஹோம் இதே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்பாள். இவளும் சரி என்பாள். கேட்கிற பொருள் பாதேக் ஜாடி. ஆற்று மீனை உப்பிலும் தவிட்டிலும் ஊறப்போட்டு ஒரு வருஷம் பரண் கீழே வைத்தது. பாங்காக்கில் கிடைப்பதெல்லாம் சாக்கடைத் தண்ணீர் என்று சான்ஹோம் மூக்கைப் பிடித்துக் காட்டுவாள். இந்த வருஷம் பெரிய ஜாடியாகவே எடுத்துப்போ, ஆனால் பஸ்ஸில் மூடி கழன்றால் நான் பொறுப்பில்லை என்றுகூடப் பைவான் சொல்லிவிட்டாள்.

சான்ஹோம் சிரிக்கவில்லை.

“ஃபாயைக் குடு,” என்றாள். “நாளைக்கு என்கூடக் கூட்டிட்டுப் போறேன்.”

பைவான் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டாள். முள் குத்திய மாதிரி இருந்தது. விளையாட்டா என்று கேட்டாள். இல்லை என்றாள் சான்ஹோம். ஏமாற்றிச் சரி வாங்கினாயா, ஜாடி கேட்கிற மாதிரிப் பிள்ளையைக் கேட்கிறாயா என்று பைவான் கத்தியது எட்டத்தில் தூண்டில் போட்டவருக்குக்கூடக் கேட்டிருக்கும். நேராகக் கேட்டால் நீ கொடுப்பாயா என்றாள் சான்ஹோம். கொடுத்திருக்க மாட்டாள்தான். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

பிறகு சான்ஹோம் எல்லாவற்றையும் சொன்னாள். டப்பா மீன் ஃபாக்டரியில் இப்போது அவள் மேற்பார்வைக்காரி. கூட இருக்கிறவன் குடிக்க மாட்டான், நல்ல மாதிரி. ஜன்னல் வைத்த அறை. மே மாதம் பள்ளியில் இடம் சொல்லி வைத்தாயிற்று. பைவான் ஒவ்வொன்றையும் தட்டினாள். ராத்திரியில் அது பயந்து எழுந்திருக்கும், முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டும். இன்னும் முள் எடுத்துத் தின்னத் தெரியாது.

“நான் எடுத்துக் குடுப்பேன்.”

“எந்த மீன் பிடிக்கும்னு தெரியுமா உனக்கு? எதைத் தின்னா வாந்தி எடுக்கும்னு தெரியுமா?”

“தெரியாது,” என்றாள் சான்ஹோம். “ஒன்பது வருஷத்துல நாப்பத்தஞ்சு நாள் அவளைப் பாத்திருக்கேன். தெரிஞ்சுக்கணும்னுதான்டி கேக்கறேன். இனிமே எனக்கு வேற பொறக்காது.”

எனக்கு மட்டும் பிறந்ததா என்று பைவான் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அடுத்த பேச்சு எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஊரில் எல்லோரும் சொல்வது ஒன்று. எட்டு மாதக் குழந்தையைச் சியாவ் தலையில் கட்டிவிட்டு ஊர் சுற்றப் போனவள் சான்ஹோம், கல்நெஞ்சுக்காரி. மளிகைக் கடையிலும் சொல்வார்கள், கோயிலிலும் சொல்வார்கள், சான்ஹோம் காதுபடவே சொல்வார்கள். பைவான் ஒரு தடவைகூட வாயைத் திறந்து இல்லை என்று சொன்னதில்லை. உண்மை என்னவென்றால், சான்ஹோம் குழந்தையைக் கூட்டிக்கொண்டுதான் போவதாக இருந்தாள். ஃபாக்டரிக் குடியிருப்பில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் பிடித்து, தூளி, பால் டப்பா எல்லாம் கட்டி வைத்திருந்தாள். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பைவான் போய் நின்றாள். கல்யாணமாகி ஆறு வருஷம், வயிறு திறக்கவில்லை, புருஷன் வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்திருந்தான். “சியாவ், ஒண்ணு கேக்கணும்” என்றாள். தையல் மிஷின்தானே, எடுத்துக்கோ, சரி, சரி என்று சான்ஹோம் சிரித்தாள். அப்போது பைவான் கேட்டது குழந்தையை.

சான்ஹோம் அன்றைக்குக் கத்தவில்லை. குழந்தையை ஒரு தடவை முகர்ந்துவிட்டுக் கையில் கொடுத்தாள். பாங்காக் போகிற பஸ்ஸில் பால் கட்டிச் சட்டையெல்லாம் நனைந்து, பக்கத்து சீட்டுக்காரன் எழுந்து போய்விட்டான் என்று பின்னால் ஒரு சோங்கிரானில் வேடிக்கைக் கதையாகச் சொன்னாள். பைவானும் சிரித்தாள். என்ன நெஞ்சு பாருங்கள், அதற்குக்கூடச் சிரித்தாள். பிள்ளை வந்தால் புருஷன் நிற்பான் என்று நினைத்தவள் அவள். புருஷன் ஆறு மாதத்தில் போனான். பிள்ளை நின்றது, அதுவே உயிர் என்றாகிவிட்டது.

இப்போதும் சான்ஹோம் அதைச் சொல்லிக்காட்டவில்லை. நீ அன்றைக்குக் கேட்டாயே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பைவான் சண்டைக்குப் போயிருப்பாள், மனசாவது ஆறியிருக்கும். சான்ஹோம் மணலைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுட்ட மீனில் ஈ மொய்த்தது.

வெயில் சாய்ந்ததும் புன் வந்தார். ஆளுக்கு ஒரு பக்கமாக ஏறியதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் எந்திரத்தைக் கிளப்பினார். ஆற்றை எதிர்த்துப் போவதால் சத்தம் காதை அடைத்தது. அதுவும் நல்லதுக்குத்தான். பைவானுக்கு யோசிக்க வேண்டியிருந்தது.

முதலில் வந்தது அழுகை. அதற்குப் பின்னால் வந்த யோசனையை நினைத்து அவளுக்கே கூச்சமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை. கேட்கிற உரிமை அவளுக்கும் இருந்தது. சியாவ் இத்தனை தடவைதான் கேட்கலாம் என்று எந்தப் பெரியவர் சொன்னார்? கரை இறங்கியதும் “சியாவ், ஒண்ணு கேக்கணும்” என்றால் சான்ஹோம் சரி சொல்லியே தீர வேண்டும். சொல்லிவிட்டால் முடிந்தது, ஃபாய் இவளுக்கே. ஒரு தடவை கேட்டு வாங்கிய பிள்ளையை இன்னொரு தடவையும் கேட்டு வாங்கலாம். வெட்கங்கெட்டவள் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். சொல்வதற்கு யார் இருக்கிறார்கள், தெரிந்தவள் சான்ஹோம் ஒருத்திதான், அவள் சொல்ல மாட்டாள்.

அவள் நினைப்பு சான்ஹோமுக்குத் தெரிந்திருந்தது. முதுகை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வளைவில் காற்று குடையைப் பிய்க்கப் பார்த்தது. “சியாவ்!” என்று பைவான் கூப்பிட்டாள். சான்ஹோம் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள், சரி என்று. குடையைப் பிடி என்றுதான் பைவான் சொல்ல வந்தது. அதைச் சொன்னாள். அதற்கு மேல் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

படித்துறையில் ஃபாய் நின்றுகொண்டிருந்தாள். பாங்காக்கிலிருந்து வந்த மஞ்சள் ஃபிராக், தலையில் இரட்டைச் சடை, தானே போட்டுக்கொண்டது, ஒன்று மேலே ஒன்று கீழே. பக்கத்தில் வீட்டிலிருந்த ஒரே பெரிய பை, ஜிப் திணறத் திணற. படகு கரையைத் தொடுவதற்குள் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்துவிட்டாள்.

“அம்மா, சரின்னு சொல்லிட்டியா?”

பைவானுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிள்ளைக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பாங்காக் அம்மா இரண்டு நாளைக்கு முன்னாலேயே காதில் சொல்லிவிட்டாளாம், அம்மா சரி என்று சொன்னால் போகலாம், அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்று. அதுதான் வயிற்றுவலி. ஃபாக்டரிக்குப் பின்னால் கடல் இருக்கிறதாம், நிஜக் கடல், அக்கரையே தெரியாதாம். தானாக ஓடுகிற படிக்கட்டும் இருக்கிறதாம். ஃபாய் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். சொல்லிவிட்டேன் என்று பைவான் தலையசைத்தாள். பெண் கையைத் தட்டிக் குதித்ததில் மூன்று பேர் மேலும் தண்ணீர் தெறித்தது.

“எனக்குத் தெரியும் நீ சரின்னு சொல்லுவேன்னு. நானே எல்லாத்தையும் அடுக்கிட்டேம்மா. என் ஃபிராக் ஆறு, உன் கைலி நாலு. பப்பாளி இடிக்கிற உரல்தான் உள்ள போகல. அங்க வாங்கிக்கலாமா?”

பைவான் சான்ஹோமைப் பார்த்தாள். நான் அப்படிச் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை என்று சான்ஹோமின் உதடு முனகியது. சொல்லியிருக்க மாட்டாள். பிள்ளைக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். போவதென்றால் அம்மாவோடு போவது. அம்மா இல்லாமல் ஒரு இடம் இருக்கும் என்று ஒன்பது வயதில் அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

கேட்பதற்கு இதைவிட நல்ல நேரம் வராது. சியாவ் என்று ஒரு வார்த்தை. அம்மா வரவில்லை என்றால் பிள்ளையும் வராது. அழும், புரளும், பாதி வேலையை அதுவே செய்துவிடும். சான்ஹோம் ஈரக் கைலியோடு படியில் நின்றாள். ஒரு கை தானாகப் போய் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் குழந்தையை முகர்ந்து பார்த்துக் கொடுத்தபோதும் இப்படித்தான் வாயைத் திறக்காமல் நின்றாள்.

“சியாவ், ஒண்ணு கேக்கணும்,” என்றாள் பைவான்.

சான்ஹோம் ஃபாயை ஒரு தடவை பார்த்தாள்.

“சரி.”

“நான் வரலைன்னு அவகிட்ட நீ சொல்லு,” என்றாள் பைவான். “என் வாயால வராது.”

சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்து பையைத் தன் பக்கம் இழுத்தாள். பின்னால் சான்ஹோம் மண்டிபோட்டுக் குழந்தையிடம் மெதுவாகப் பேசுவது கேட்டது. பைவான் காதைக் கொடுக்கவில்லை. ஜிப்பைத் திறந்து ஃபிராக்குகளை ஒதுக்கி, நீலக் கைலியை எடுத்தாள். அடுத்ததை எடுத்தாள். மூன்றாவதை எடுத்து மடியில் வைக்கும்போது ஃபாய் ஓடிவந்து பையின் மேல் குப்புற விழுந்து இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டாள்.

“எடுக்காதம்மா. நான் மடிச்சு வச்சதைக் கலைக்காத.”

நாலாவது கைலி அவளுக்கு அடியில் இருந்தது. பைவான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே, அடியில் கைவிட்டு, அதையும் மெல்ல இழுத்தாள்.